அளந்து வைக்காத தண்ணீர்

2017 ஜூன் 30ஆம் திகதி தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில், வயலுக்கடியில் போகும் எண்ணெய்க் குழாயில் உடைப்பு ஏற்பட்டுக் கச்சா எண்ணெய் மண்ணுக்கு மேலே வந்தது. கும்பகோணத்துக்கும் குத்தாலத்துக்கும் இடையில், காவிரித் தண்ணீரில் நெல் விளையும் ஊர் அது. ஊர் திரண்டது. மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து பார்க்கவேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். அவர் வருமுன் காவல்துறை வந்தது. வைக்கோலுக்குத் தீ மூட்டப்பட்டது, தடியடி நடந்தது, மீத்தேன் திட்ட எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் த. ஜெயராமன் உட்படப் பத்துப் பேர் சிறைக்குப் போனார்கள். அவர்களுக்குப் பிணை கிடைக்க ஆகஸ்ட் மாதமாயிற்று. அந்த ஜூலையில் சேலத்தில் இந்தப் போராட்டங்களுக்காகத் துண்டுப் பிரசுரம் கொடுத்த ஒரு மாணவி மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. செப்டெம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் மீதான அந்த நடவடிக்கையை ரத்துச் செய்தது.

கந்தப்பளையிலிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் காலுக்கடியில் எண்ணெய் கிடையாது. மலைநாட்டின் பாறை 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. எண்ணெய் தங்குவதற்கு வேண்டிய படிவுப் பாறை இங்கே இல்லை. ஆனால் எங்கள் பாட்டன் பூட்டன் விட்டுவந்த தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் சீமைகள் எண்ணெய்ப் படுகையின் மேலே இருக்கின்றன. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பிப் போனவர்களின் பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அந்தப் படுகை தமிழ்நாட்டோடு முடிந்துவிடுவதும் இல்லை. கோண்டுவானாப் பெருநிலம் பிளந்து இந்தியாவும் இலங்கையும் விலகத் தொடங்கியபோது உண்டான பள்ளங்களில் ஒன்று காவிரிப் படுகை. பாக்கு நீரிணைக்கு அடியால் அது யாழ்ப்பாணத்தை எட்டுகிறது. அதன் தெற்கே மன்னார்ப் படுகை. பேசாலையில் 1970களிலேயே சோவியத் நிபுணர்களின் உதவியோடு இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ஆழ்துளைகள் இட்டிருக்கிறது. 2011இல் மன்னார்க் கடலில் கெயார்ன் லங்கா நிறுவனம் டொராடோ, பரகுடா என்ற இரண்டு இடங்களில் எரிவாயுவைக் கண்டது, 2015இல் விலகிக்கொண்டது. எரிவாயு இன்னும் அங்கேதான் இருக்கிறது. 2021இல் பெற்றோலிய வளங்களுக்கென்று புதிய சட்டமும் வந்துவிட்டது. கதிராமங்கலத்தில் எழுந்த கேள்வி நாளை மன்னாரில் எழும். அப்போது விடை சொல்ல எங்களிடம் என்ன இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

எண்ணெய்க் கிணறு குடிநீரைத் தொடுவது எப்படி என்று முதலில் பார்க்கலாம். துளை இரண்டாயிரம் மீற்றருக்கும் கீழே போகக்கூடியது. துளைக்கும்போது களிமண், பாரைட் என்ற கனத்த கனிமம், சில இரசாயனங்கள் சேர்ந்த சேற்றுக் குழம்பை இறக்குகிறார்கள். துளைமுனையைக் குளிர்விப்பதும், வெட்டுப்பட்ட பாறைத் துகளை மேலே கொண்டுவருவதும், அடியிலிருந்து எழும் அழுத்தத்தை அமுக்கிப் பிடிப்பதும் அந்தக் குழம்புதான். போகிற வழியில் துளை, ஊர் குடிக்கிற தண்ணீர் தங்கியிருக்கும் மணல் அடுக்குகளைக் கடக்கிறது. அங்கே தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் நடுவில் இருப்பது உருக்குக் குழாயும் அதைச் சுற்றி இறுகிய சீமெந்தும். சீமெந்து சரியாகப் பிடிக்காவிட்டால் அடுக்குகளுக்கு இடையில் வழி உண்டாகிவிடும்.

எண்ணெயோடு உப்புநீரும் வரும். கிணற்றுக்கு வயதாக ஆக எண்ணெய் குறைந்து உப்புநீர் கூடும். அதைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்து மறுபடியும் ஆழத்துக்குச் செலுத்தவேண்டும். வாய்க்காலில் விட்டால் வயல் போய்விடும். பிறகு குழாய்கள். கிணற்றிலிருந்து சேகரிப்பு நிலையம் வரை அவை ஊருக்குள்ளும் வயலுக்குள்ளும் போகின்றன. வாயுவில் ஈரமும் கரியமிலவாயுவும் இருந்தால் உருக்கு உள்ளிருந்தே அரிக்கும், மேலே நிற்பவனுக்குத் தெரியாது. 2014 ஜூன் 27ஆம் திகதி ஆந்திரத்தின் கிழக்குக் கோதாவரி மாவட்டத்து நகரம் என்ற ஊரில் எரிவாயுக் குழாய் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் எரிந்து இறந்தார்கள். உலர்ந்த வாயுவுக்கென்று அமைத்த குழாயில் ஈரவாயு போனதும், அதனால் உண்டான அரிப்பும் அங்கே காரணமாகக் காணப்பட்டன. வெடிக்கும் நாள் வரை அது சாதாரணக் குழாயாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள இந்தியாவில் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி மத்திய அமைச்சின் அனுமதி. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு. சுரங்கப் பாதுகாப்புக்கு ஓர் இயக்குநரகம், எண்ணெய்த் துறைக்கு இன்னொரு இயக்குநரகம், எண்ணெய்த் தொழில் பாதுகாப்புக்குத் தனியாக மற்றோர் இயக்குநரகம். ஒவ்வொன்றுக்கும் விதி இருக்கிறது, படிவம் இருக்கிறது. ஆனால் அன்றாட அளவீட்டைச் செய்வது பெரும்பாலும் நிறுவனமே. அறிக்கையை எழுதுவதும் அனுப்புவதும் அதுதான். வாரியத்தின் அதிகாரி அந்தத் தாளைப் படிக்கிறார். வயலில் பாசி படிந்தாற்போல எண்ணெய் மினுங்குவதை முதலில் காண்பவர் நாற்று நடும் பெண். அவர் கண்டதை எழுதிக்கொள்ள இந்த ஏற்பாட்டில் இடம் இல்லை.

கதிராமங்கலத்தில் சண்டை முற்றிய இடத்தைக் கவனித்தால் குறை எங்கே என்பது தெரியும். இந்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. அந்த ஊருக்கு 2000களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு தங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது என்றார்கள் ஊர்மக்கள். போத்தலில் பிடித்துப் பத்திரிகையாளர்களிடம் காட்டினார்கள். நிலத்தடி நீருக்கு எங்களால் கேடு இல்லை என்றது நிறுவனம். இரண்டு பக்கத்தையும் நேர்மையாக எடைபோட முயன்றால் ஒரு சங்கடம் வருகிறது. மஞ்சள் நிறம் இரும்பினாலும் வரும். ஆற்றுப்படுகை மண்ணில் இரும்பு இயல்பாகவே இருக்கக்கூடியது. எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்த கேடா, மண்ணின் குணமா என்பதைப் பிரித்தறியக் குளோரைட்டு, பேரியம், மீத்தேன், பென்சீன் வகைச் சேர்மங்கள் எல்லாவற்றையும் அளக்கவேண்டும். அளந்தாலும் போதாது. கிணறு தோண்டுவதற்கு முன்னே அதே ஊரில், அதே அடுக்கில், அதே மாதத்தில் அவை எவ்வளவு இருந்தன என்ற கணக்கு வேண்டும். அப்படியொரு கணக்கை ஊரின் கையில் யாரும் கொடுத்து வைக்கவில்லை. ஆகவே விவசாயி சொன்னது குற்றச்சாட்டாகவும், நிறுவனம் சொன்னது விளக்கமாகவும் நின்றுவிட்டன. முன்கணக்கு இல்லாத ஊரில் சந்தேகத்தின் பயன் எப்போதும் தோண்டியவனுக்கே போகிறது. மேற்பார்வையின் மிகப்பெரிய ஓட்டை இதுதான் என்பது என் முடிவு.

இந்த ஓட்டையைச் சட்டம் அடைத்ததா? பெரிதாக்கியது. தாக்க மதிப்பீடு செய்தால் குறைந்தது ஒரு பருவத்துக்காவது காற்றையும் நீரையும் அளந்து காட்டவேண்டும். அதைச் செய்பவர் நிறுவனமே சம்பளம் கொடுத்து அமர்த்தும் ஆலோசகர் என்றாலும், ஏதோ ஒரு கணக்குக் கிடைக்கும். 2020 ஜனவரி 16ஆம் திகதி இந்திய அரசு அறிவிக்கையைத் திருத்தி, எண்ணெய், எரிவாயு ஆய்வுத் துளைகளை ‘பி-2’ என்ற கீழ்வகைக்கு மாற்றியது. ஆய்வுக் கட்டத்துக்கு இனித் தாக்க மதிப்பீடு வேண்டாம், பொதுமக்கள் கருத்துக் கேட்பும் வேண்டாம். துளை போட்டு எண்ணெய் கண்டு உற்பத்திக்குப் போகும்போது மதிப்பீடு செய்யலாம் என்பது ஏற்பாடு. அந்த நேரத்தில் எடுக்கும் அளவு, ஏற்கெனவே துளைபட்ட நிலத்தின் அளவாகத்தான் இருக்கும்.

அடுத்த மாதமே, 2020 பெப்ரவரி 20ஆம் திகதி, தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தன் கடைசி மூச்சு வரை நடத்திய மீத்தேன் எதிர்ப்புப் பயணத்துக்கும், 2017இல் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் மக்கள் உட்கார்ந்து நடத்திய போராட்டத்துக்கும் கிடைத்த பலன் அது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எனினும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. மண்டலத்தின் எல்லையும் டெல்டாவோடு நின்றது. அதனால்தான் 2025 மார்ச்சில் இராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு, ஊரைக் கூட்டிக் கேட்காமலே, மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தால் அனுமதி கொடுக்க முடிந்தது. செய்தி வெளியே வந்து எதிர்ப்பு எழுந்தபின் ஆகஸ்டில் மாநில அரசு அதைத் திரும்பப் பெறச் சொன்னது. சத்தம் கேட்டால் நிறுத்துவது, கேட்காவிட்டால் நடத்துவது என்ற முறையை மேற்பார்வை என்று சொல்லமுடியாது.

இனி இலங்கைக்கு வருகிறேன். இங்கே எண்ணெய் எடுக்கும் ஊர் இல்லை. எண்ணெயால் கெட்ட ஊர் இருக்கிறது. சுன்னாகம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது. மழை நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. அதுவே குடிக்க, குளிக்க, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்க. சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பும் குகையும் உண்டு. மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமலே விரைவாகக் கீழே போகும், போய்ப் பக்கத்து ஊர்க் கிணற்றிலும் எட்டிப்பார்க்கும். அப்படிப்பட்ட நிலத்தின் மேல் சுன்னாகத்தில் மின்சார சபையின் மின்நிலையம் 1950களிலிருந்தே இருந்தது. யுத்தம் முடிகிற காலத்தில் நொதேர்ன் பவர் என்ற தனியார் நிறுவனம் எண்ணெயில் இயங்கும் மின்நிலையத்தை அங்கே தொடங்கியது. சில ஆண்டுகளில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது, மணக்கிறது என்று முறைப்பாடுகள் வந்தன. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 இறுதியிலிருந்து 2014 வரை ஒன்றரைக் கிலோமீற்றர் சுற்றுவட்டத்தில் 150 கிணறுகளைச் சோதித்தது. 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீஸும் குடிநீருக்கு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தன. 2015 ஜனவரியில் மல்லாகம் நீதிமன்றம் மின்நிலையத்தை நிறுத்தச் சொன்னது. ஊருக்குப் பவுசரில் தண்ணீர் வந்தது. கிணற்றடியில் பிறந்து வளர்ந்த ஊர், பவுசர் வரும் நேரம் பார்த்துக் கலனோடு காத்து நின்றது.

இதற்குள் வடக்கு மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, ஆபத்தான பெற்றோலியச் சேர்மங்கள் இல்லை என்று அறிக்கை தந்தது. நீர் வழங்கல் சபை எண்ணெய் உண்டு என்கிறது. குழு பயமில்லை என்கிறது. குழந்தைக்குப் பால் கரைக்கப்போகும் தாய் இதில் எதை நம்புவாள்? இரண்டு அறிக்கைகள் முரண்படும்போது, அதைத் தீர்த்து வைக்கும் பொறுப்புள்ள மத்திய சுற்றாடல் அதிகாரசபை நடுவில் நின்று பேசியிருக்கவேண்டும். பேசியது உயர் நீதிமன்றம், அதுவும் ஒரு சுற்றாடல் ஆர்வலர் அடிப்படை உரிமை வழக்குப் போட்டபின்.

வழக்கில் சுன்னாகத்துக்கும் அதே முன்கணக்குக் கேள்வி வந்தது. 1990 அளவில் மின்சார சபையின் எண்ணெய்த் தாங்கிகள் யுத்தத்தில் குண்டுபட்டு எண்ணெய் நிலத்தில் ஓடியிருந்தது. இன்றைய எண்ணெய் அன்றைய எண்ணெய்தான் என்று சொல்ல அது வசதியாக இருந்தது. புதிய மின்நிலையம் தொடங்குமுன் சுற்றியுள்ள கிணறுகளை அளந்து பதிந்திருந்தால் இந்த வாதம் ஒரு நாள் கூட நின்றிருக்காது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி நிறுவனம் 20 மில்லியன் ரூபா கொடுக்கவேண்டும் என்றது. கண்காணித்திருக்கவேண்டிய அரச நிறுவனங்களின் தவறையும் எடுத்துக் காட்டியது. இலங்கைச் சுற்றாடல் சட்டத்தில் அது பெரிய தீர்ப்பு. ஆனாலும் முதல் முறைப்பாட்டுக்கும் தீர்ப்புக்கும் இடையே பல ஆண்டுகள் போய்விட்டன. சுண்ணாம்புக் கல்லுக்குள் போன எண்ணெயை எந்தத் தொகையாலும் முழுவதும் வெளியே எடுக்க முடியாது.

மலைநாட்டு வாசகருக்கு இவை தூரத்து ஊர்களின் கதையாகத் தோன்றலாம். பண்டாரவளை தூரமில்லை. உமா ஓயா நீர்த் திட்டத்துக்கு 2008 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி வந்து அடிக்கல் வைத்தார்; தாக்க மதிப்பீட்டுக்கு அனுமதி கிடைத்தது 2011இல். அடிக்கல் முதலில், ஆராய்ச்சி பிறகு. பாறையைக் குடைந்து சுரங்கம் போன வழியில் 2014 டிசெம்பரில் நிலத்தடி நீர் வெள்ளமாகச் சுரங்கத்துக்குள் இறங்கியது. மேலே பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. எங்கள் மலைப்பாறையில் தண்ணீர் தங்குவது வெடிப்புகளில்தான். ஒரு வெடிப்பைக் கீழே திறந்துவிட்டால் மேலே எத்தனை பீலி நிற்கும் என்று யாராலும் விரல்விட்டுச் சொல்லமுடியாது. கதிராமங்கலத்தில் குழாய் உடைந்த அதே 2017 ஜூனில் பண்டாரவளையில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். அங்கேயும் நட்டஈடு கேட்டுப் போனவர்களிடம் கேட்கப்படக்கூடிய முதல் கேள்வி ஒன்றே: உங்கள் கிணற்றில் முன்பு எவ்வளவு தண்ணீர் இருந்தது, அதற்கு என்ன ஆதாரம்? 2024 ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது.

முன்கூட்டியே தடுத்த கதை ஒன்றும் நம் நாட்டில் உண்டு, அதை மறந்துவிடக்கூடாது. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலயில் இருக்கும் பொஸ்பேற்றுப் படிவத்தை அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க 1990களில் அரசு ஒப்பந்தம் தயாரித்தது. ஊர் விவசாயிகளும் அங்குள்ள விகாரையின் பிக்குவும் உயர் நீதிமன்றம் போனார்கள். தேசிய சுற்றாடல் சட்டம் கேட்கும் மதிப்பீட்டைச் சுற்றிக்கொண்டு போக அந்த ஒப்பந்தம் வழி செய்கிறது என்று கண்ட நீதியரசர் ஏ. ஆர். பி. அமரசிங்க, 2000 ஜூனில் தீர்ப்பளித்தார்: முதலில் அரச விஞ்ஞான நிறுவனங்கள் படிவத்தை முழுமையாக ஆராயட்டும், ஆராய்ந்ததை வெளியிடட்டும், பிறகு சட்டப்படி தாக்க மதிப்பீடு நடக்கட்டும், அதுவரை ஒப்பந்தம் இல்லை. ‘ஆராய்ந்ததை வெளியிடட்டும்’ என்ற பகுதி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒரு சுரங்கத்தின் கணக்கு ஊருக்குத் தெரியவேண்டிய கணக்கு என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

நான் எண்ணெய்க்கு எதிரி அல்லன். 2022இல் மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் விடிய விடிய வரிசையில் நின்ற நாடு இது. மன்னாரில் எரிவாயு இருந்தால் அதை நாடு பயன்படுத்த நினைப்பதில் தவறில்லை. கேட்பது வரிசை மாறக்கூடாது என்பதைத்தான். துளை விழுவதற்கு முன்பு, நிறுவனத்திடம் சம்பளம் வாங்காத பல்கலைக்கழக ஆய்வுகூடமோ நீர் வழங்கல் சபையோ, மழைக்காலம் கோடைகாலம் இரண்டிலும் சுற்றியுள்ள ஒவ்வொரு கிணற்றையும் கடற்கரையையும் அளக்கவேண்டும். அந்தக் கணக்கு தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகத்திலும் மீனவர் சங்கத்திலும் ஒட்டப்படவேண்டும். கசிவு என்று ஒருவர் சொன்னால், மாதிரி எடுக்கும்போது பாதியை முத்திரையிட்டு அவர் கையில் கொடுக்கவேண்டும். துப்புரவுக்கான பணத்தை நிறுவனம் முன்பணமாகக் கட்டவேண்டும். கிணறு கெட்டபின் பல ஆண்டு வழக்காடி வாங்கும் நிலை மறுபடி வரக்கூடாது. இன்றைய சட்டம் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மீது கருத்துச் சொல்ல மக்களுக்கு 30 நாள் தருகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களை 30 நாளில் படித்துப் பதில் எழுத ஒரு மீனவரால் முடியுமா, ஒரு தோட்டத் தொழிலாளியால் முடியுமா? அந்தக் காலத்தை நீட்டுவதற்கு எந்த நிபுணத்துவமும் தேவையில்லை, மனம் இருந்தால் போதும்.

அரசு செய்யும்வரை நாமும் சும்மா இருக்கவேண்டியதில்லை. கந்தப்பளையில் லயத்துக்கு லயம் தண்ணீர் வருவது மேலே காட்டிலிருந்தும் ஊற்றிலிருந்தும்தான். அந்த ஊற்றுகளைச் சுற்றி உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும் கோவாவும் விளைகின்றன. பசளையும் மருந்தும் அடிக்கிறோம். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் பசளையின் நைத்திரேற்று ஏறியது பல ஆய்வுகளில் பதிவானது. இங்கே நாளை ஒரு சுரங்கம் வந்தாலும், ஓட்டல் வந்தாலும், மரக்கறிப் பாத்தி மேலும் மேலே ஏறினாலும், எங்கள் பீலிக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல ஒரு பழைய கணக்கு வேண்டும். அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. 20 லீற்றர் வாளி ஒன்றைப் பீலிக்கடியில் வைத்து, நிரம்ப எத்தனை செக்கன் ஆகிறது என்று கைத்தொலைபேசியில் பார்த்தால் ஊற்றின் வேகம் கிடைத்துவிடும். நிறம், மணம், கடைசியாக மழை பெய்த நாள் மூன்றையும் கூடவே எழுதலாம். பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் மனம்வைத்தால் காரத்தன்மையையும் நைத்திரேற்றையும் சோதனைத் தாளால் பார்க்கலாம். வருடத்துக்கு ஒரு தடவை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்பும்படி கேட்கலாம். ஏற்கெனவே யாராவது எடுத்த முடிவு இருந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதம் போட்டு வாங்கலாம். கோயில் கமிட்டி, மாதர் சங்கம், தொழிற்சங்கக் கிளை, எதுவும் அந்தக் கடிதத்தைப் போடலாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்த காலம், ஊற்று தன் அடிமட்டத்தைக் காட்டும் காலம். வரும் ஜனவரியில் உங்கள் பீலியை அளந்து ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள், இரண்டு பேர் கையொப்பமிடுங்கள், ஒரு பிரதியைப் பிரதேச சபையில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.